கிளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக் கார்

போன சனிக்கிழமை டீக்கடையில் நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தியது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் முடிவெட்டிக்கொண்டிருந்த எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. டிராக் ரேஸுக்கு மேனுவல் கியரா, ஆட்டோமேட்டிக்கா என்பதுதான் வழக்கு. மேனுவல் ஓட்டுகிறவன்தான் டிரைவர், மற்றவனெல்லாம் பயணி என்றான் ஒருவன். இந்தக் காலத்திலும் கையால் கியர் மாற்றுகிறவன் அம்மியில் அரைக்கிறவன் என்றான் இன்னொருவன். முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு, "ஒங்க ஷெட்டுப் பயலுகதான? இம்புட்டு ஆவேசம் எதுக்கு, பொண்ணு பாத்த எடத்துல தகராறா?" என்று கேட்டார். கியர்பாக்ஸ் தகராறு என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேச்சே கொடுக்கவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மேனுவல்தான் பிடிக்கும். விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டில் இந்த ஷெட்டைப் போட்ட நாளிலிருந்து உங்கள் கையில் விட்டு ஒதுங்கிய நாள் வரைக்கும், ஆலங்குளம் சிமென்ட் லாரிக்கும் பட்டாசு லோடு வண்டிக்கும் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியே என் இடுப்பு போயிற்று. கையில் கியர்த்தண்டு அதிராத வண்டியை வண்டி என்றே என் மனசு ஒப்புக்கொள்ளாது. அப்படிப்பட்ட நான் ஒரு முறை ஆட்டோமேட்டிக் காரை ரேஸுக்கு அனுப்பினேன். அதில் ஒரு கிளட்ச் மிதியையும் வைத்து அனுப்பினேன். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

போன மாதம் சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. டிராக் ரேஸில் வளைவு கிடையாது. நேர் ரோட்டில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பச்சை விளக்கு எரிந்ததும் பாயும். ஒரு வாய் டீயை ஊதிக் குடிப்பதற்குள் முடிந்துவிடும். மேனுவல் காரில் என்ஜினை உறுமவிட்டு, கிளட்சிலிருந்து காலைச் சட்டென்று உருவ வேண்டும். கார் உதைத்துக்கொண்டு கிளம்பும். ஆட்டோமேட்டிக்கில் இடது காலால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வலது காலால் ஆக்சிலேட்டரை மிதித்து, விளக்கு எரிந்ததும் பிரேக்கை விட்டால் போதும். கியர் தானே மாறும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி மாறும். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் ஆட்டோமேட்டிக்தான் ஜெயிக்கும். ஆனால் காகிதம் காரில் ஏறி உட்காருவதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பட்டாசு முதலாளி. தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி ஓய்ந்திருக்கும் மாதங்களில் அவருக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்கும். ஒரு வருஷம் ஜல்லிக்கட்டு மாடு, ஒரு வருஷம் புறா. அந்த வருஷம் கார். பழைய கார் ஒன்றை வாங்கி, வேகம் கூட்ட டர்போ மாட்டி, கோயம்புத்தூர்ப் பக்கம் விமானம் இறங்காமல் கிடக்கும் ஓடுதளம் ஒன்றில் நடக்கிற டிராக் ரேஸுக்குப் போவதென்று கிளம்பிவிட்டார். ஆசை அவருடையது, ஆனால் அவர் ஓட்டினால் கார் நேராகப் போகாது. ஆகவே கம்பெனி டிரைவர்கள் எல்லோரையும் வரவழைத்து, விளக்குப் போட்டு, யார் கால் முதலில் அசைகிறது என்று சோதித்தார். எல்லா முறையும் முதலில் அசைந்தது செல்வராணியின் கால்.

செல்வராணி லோடு வேன் டிரைவர். முப்பதைத் தாண்டியவள், அதிகம் பேசமாட்டாள். கம்பெனியிலிருந்து பட்டாசுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மதுரை, தூத்துக்குடி என்று தனியாகப் போய்வருகிறவள். அவள் வேனின் கியர்பாக்ஸ் என் ஷெட்டுக்கு வந்ததே இல்லை. கிளட்ச் தட்டு தேய்ந்து மாற்ற வந்ததும் இல்லை. அவ்வளவு பதமான கால். ஒரு மெக்கானிக்கின் பிழைப்பைக் கெடுக்கிற டிரைவர் என்று நான் அவளைக் கேலி செய்வதுண்டு.

காருக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கொண்டுவந்தவர் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் கோயம்புத்தூர்க்காரர் என்றே வைத்துக்கொள்வோம். ரேஸ் கார்களுக்குக் கியர்பாக்ஸ் கட்டிக் கொடுப்பதுதான் அவர் தொழில். செல்வராணி சோதனையில் விளக்கைப் பிடித்த வேகத்தைப் பார்த்துவிட்டு, "ஃபைனல்ல ஜெயிச்சுக் காட்டுங்க. எங்க கம்பெனியிலயே டிரைவராச் சேத்துக்கறேனுங்க. பி.எஃப்., இன்ஷூரன்ஸ் எல்லாம் உண்டுங்க" என்று சொல்லிவிட்டார்.

அவளுக்கு அது வெறும் வேலை இல்லை. அவள் அம்மா நாரணாபுரம் பக்கம் வேறொரு கம்பெனியில் மருந்து அறையில் வேலை பார்த்தார். பட்டாசுக்குள் போகிற மருந்தைக் கலக்கும் அறை அது. வெயில் ஏறுவதற்குள் கலவை வேலை முடிய வேண்டும் என்பதால், விடியுமுன்னே ஆள் ஏற்றும் வண்டி தெருவுக்கு வந்துவிடும். அந்த அறையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம்மில் யார் வீட்டுக்குப் போனாலும் அப்படி ஒரு அறையிலிருந்து திரும்பாத ஆளின் படம் ஒன்று சுவரில் இருக்கும். ஒருத்தி சம்பளத்தில் வீடு ஓடாது என்று அம்மா போய்க்கொண்டிருந்தார். "நீ நெலையா ஒரு எடத்துல போய் உக்காரு, மறுநாளே நான் நின்னுக்கிறேன்" என்று மகளிடம் சொல்லியிருந்தார். ஆக, அந்த ஃபைனல் ஓட்டத்தில் செல்வராணி ஓட்டப் போனது கோப்பைக்காக அல்ல, அம்மாவை அந்த அறையிலிருந்து வெளியே எடுப்பதற்காக.

காரியாபட்டிப் பக்கம் முதலாளி பிளாட் போட்டு விற்க வாங்கிய நிலம் ஒன்று கிடந்தது. நேராகத் தார் ரோடு போட்டு, மஞ்சள் கல் நட்டு, வீடு மட்டும் ஒன்றுகூட வராத பிளாட். அங்கேதான் ஒத்திகை. முதலில் மேனுவல் கியர்பாக்ஸோடு ஓட்டிப் பார்த்தோம். விளக்கு எரிந்ததும் அவள் கால் அசைந்துவிடும், ஆனால் கிளட்ச் பூப்போல மேலே வரும். கார் கல்யாண ஊர்வலம்போலக் கிளம்பும்.

"உருவு தாயி! காலை உருவு!" என்று நான் கத்தினேன்.

"உருவுனாப் பட்டாசுப் பெட்டியெல்லாம் உரசும்ணே" என்றாள். பின்னால் பெட்டியே இல்லை. அவளுக்கும் அது தெரியும், அவள் காலுக்குத்தான் தெரியவில்லை. பட்டாசு லோடு ஓட்டுகிறவர்கள் வண்டியை உதைக்கவிட மாட்டார்கள். இத்தனை வருஷம் அந்தப் பதத்தில் ஓடிய காலை ஒரு வாரத்தில் முரட்டுக்கால் ஆக்க முடியுமா?

சரி என்று கோயம்புத்தூர்க்காரரின் ஆட்டோமேட்டிக்கை மாட்டினோம். அடேயப்பா! பிரேக்கை விட்டதும் கார் பிய்த்துக்கொண்டு போயிற்று. முதலாளி மஞ்சள் கல் மேல் ஏறி நின்று கைதட்டினார். எனக்கு வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் கைதட்டினேன். மூன்றாவது ஓட்டத்துக்கு முன், டயர் சூடேற நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிப் புகை கிளப்பச் சொன்னார் கோயம்புத்தூர்க்காரர். அந்தக் கருகல் வாடை காருக்குள்ளேயே தங்கிவிட்டது. பாதி தூரம் போனதும் கார் திடீரென்று தலையைச் சிலுப்பிக்கொண்டு குறுக்கே திரும்பி, இரண்டு கல்லைப் பெயர்த்துவிட்டு நின்றது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது கால் பிரேக்கைத் தரையோடு அமுக்கியபடி அப்படியே இருந்தது. சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்திருந்தாள்.

"என்ன தாயி ஆச்சு?"

"வாடை வந்துச்சுண்ணே. கிளட்ச்சை மிதிச்சேன்."

ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் ஏது? கிளட்ச் இருக்க வேண்டிய இடம் வரைக்கும் அகலமான பிரேக் மிதிதான் நீண்டு கிடக்கும். நம் ஊர் லோடு டிரைவர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கருகல் வாடை வந்தால் யோசிக்கக் கூடாது. கிளட்ச்சை மிதித்து, சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்து, ஆளில்லாத பக்கமாக உருட்டி நிறுத்தி இறங்கிவிட வேண்டும். என்ன வாடை, எங்கிருந்து வாடை என்பதெல்லாம் தள்ளி நின்று பேசிக்கொள்கிற விஷயம். அவள் அதைத்தான் செய்தாள். செய்த கார்தான் வேறு.

அந்த மாலை அந்தப் பிளாட்டில் பஞ்சாயத்து. கோயம்புத்தூர்க்காரர் நிதானமான மனிதர். "இது பழக்கந்தானுங்க. கிளம்பினதும் எடது காலைப் பின்னால மடக்கி வெச்சுக்கச் சொல்லுங்க. நூறு தடவை பண்ணினா அந்தப் பழைய பழக்கம் செத்துப் போயிருங்க" என்றார்.

"செத்துரும்ல?" என்றேன். "அதான் வேண்டாம்."

"என்னங்ணா சொல்றீங்க?"

"ஞாயித்துக்கெழமை அவ ரேஸ் ஓட்டுவா. திங்கக்கெழமை பட்டாசு ஏத்திக்கிட்டுத் தூத்துக்குடி போவா. அன்னைக்கு வாடை வந்தா மிதிக்க எந்தக் கால் வரும்? நீங்க வருவீகளா?"

என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. முதலாளி எரிச்சலோடு, "அப்ப மேனுவலையே மாட்டுங்க மெக்கானிக்கே. அம்புட்டுத் தூரம் போய்த் தோத்துட்டு, வேடிக்கை பாத்துட்டு வருவோம்" என்றார். தம்பிகளே, இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மேனுவலில் அவள் கிளம்பும்போதே தோற்பாள். ஆட்டோமேட்டிக்கில் வாடை வந்தால் பிரேக்கை மிதித்துக் குறுக்கே திரும்புவாள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், அவள் கால். அந்தக் காலைத் திருத்தினால் ஒரு ரேஸ் கிடைக்கும், திருத்தின காலோடு அவள் மறுநாள் பட்டாசு ஏற்றிய வேனில் உட்கார வேண்டும். வேலை கிடைத்தால் வேன் ஓட்ட வேண்டியதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்காவிட்டால்?

செல்வராணி பெயர்ந்து கிடந்த கல் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "அங்கன மிதிக்க ஏதாச்சும் ஒண்ணு இருந்தாப் போதும்ணே. என் காலு தேடுற எடத்துல ஒண்ணு இருக்கணும். அம்புட்டுத்தான்."

நானும் கோயம்புத்தூர்க்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுநாள் காலை ஷெட்டில், மேனுவல் கியர்பாக்ஸோடு கழற்றிப் போட்ட கிளட்ச் மிதியைப் பழைய இரும்புக் குவியலில் தேடி எடுத்தோம். அது இருந்த பழைய இடத்திலேயே மாட்டினோம். பிரேக் மிதியைப் பாதியாக நறுக்கினோம். கிளட்ச் மிதிக்குப் பின்னால் கோயம்புத்தூர்க்காரர் ஒரு சுவிட்ச் வைத்தார். அதை அடிவரைக்கும் மிதித்தால் என்ஜினுக்குத் தீப்பொறி போகாமல் அது அணையும், இழுவை நின்று கார் உருளும். சும்மா காலை வைத்தால் ஒன்றும் ஆகாது. அதற்கு நல்ல கனமான ஸ்பிரிங் வேண்டும். செல்வராணி செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மிதித்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கனம்ணே" என்றாள். ஸ்பிரிங்கை மாற்றினோம். "இப்பக் கூடிப்போச்சு." மறுபடி மாற்றினோம். அவள் லோடு வேனின் கிளட்ச் என்ன கனமோ அதே கனம் வந்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

கோயம்புத்தூர்க்காரர் அன்று முழுவதும் என்னோடு தரையில் படுத்து வேலை செய்தார். அவர் கொண்டுவந்த சரக்கை நான் குறை சொல்லியிருக்கிறேன், அவர் யோசனையை எல்லோர் முன்னாலும் வெட்டிப் பேசியிருக்கிறேன். அந்த மனிதர் முகம் சுளிக்கவில்லை. நம் தொழிலில் கெட்டிக்காரர்கள் நிறைய உண்டு. தன் யோசனை தோற்ற பிறகும் ஸ்பேனரைக் கீழே போடாத கெட்டிக்காரர்கள் குறைவு. அவருக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

ரேஸ் நாள். காரைப் பரிசோதிக்க வந்த அதிகாரி குனிந்து பார்த்தார், நிமிர்ந்து கியரைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். "ஆட்டோமேட்டிக் காருக்குக் கிளட்ச் எதுக்குங்க?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆபத்து வந்தால் என்ஜினை அணைக்கும் சுவிட்ச் எல்லா ரேஸ் காரிலும் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. "கைக்கு ஒண்ணு இருக்கு சார். இது காலுக்கு" என்றேன். மிதித்துக் காட்டச் சொன்னார். என்ஜின் அணைந்தது. தோளைக் குலுக்கிக்கொண்டு அனுமதித்துவிட்டார்.

முதல் ஓட்டங்களில் செல்வராணி எல்லோரையும் பின்னால் விட்டாள். டயர் புகை மண்டியபோது நான் காரை நோக்கி ஓடப் பார்த்தேன். ஆனால் அது கிளம்புவதற்கு முன் வருகிற வாடை, நின்ற காரிலிருந்து இறங்கிப் பார்த்துவிட்டு ஏறிக்கொள்ளலாம் என்று அவளே ஒரு கணக்கு வைத்திருந்தாள். அப்படியே இரண்டு முறை இறங்கிப் பார்க்கவும் செய்தாள். ரேஸ்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இப்படியே ஃபைனலுக்கு வந்துவிட்டோம்.

ஃபைனலில் எதிராளி மேனுவல் கார். ஆள் நல்ல ஓட்டக்காரன். விளக்கு எரிந்ததும் கிளட்ச்சை உருவி அரைக்கார் நீளம் முன்னால் போய்விட்டான். நடுவில் அவன் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் செல்வராணி கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பிடித்தாள். இரண்டு கார்களின் மூக்கும் ஒன்றானது. முதலாளி என் தோளைப் பிய்த்து எடுத்துவிட்டார். அந்த நேரம் எதிராளி காரின் அடியிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. அவன் கிளட்ச் தட்டு எரிகிறது! காற்று அந்தப் புகையை அப்படியே இவள் கார் மேல் தள்ளியது.

எங்கள் காரின் என்ஜின் சத்தம் பட்டென்று நின்றது.

கார் கோணவில்லை, சிலுப்பவில்லை. கோடு போட்டதுபோல நேராக உருண்டு, ஓடுதளத்தின் ஓரமாக, ஆளில்லாத பக்கம் போய் நின்றது. எதிராளி எரிந்த கிளட்ச்சோடு நொண்டி நொண்டி எல்லைக்கோட்டைத் தாண்டிக் கோப்பையை வாங்கிக்கொண்டான். இவள் இன்னும் கொஞ்சம் ஆக்சிலேட்டரை மிதித்திருந்தால் நடந்துபோயே ஜெயித்திருப்பாள்.

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு, "செயிச்ச ரேஸை இப்படிக் காலால ஒதைச்சுட்டியேத்தா! அது ஒன் கார்ல வந்த பொகை இல்ல, அவன் கார்ல வந்தது!" என்று கத்தினார். செல்வராணி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் வெளுத்திருந்தது. என்ன போயிற்று என்பது எங்கள் எல்லோரையும் விட அவளுக்குத்தான் தெரியும்.

"யாருதுன்னு பாத்துட்டு மிதிக்க முடியாது மொதலாளி" என்றாள்.

பழக்கத்தைச் சாகவிடக் கூடாது என்று நின்றவன் நான். அந்தப் பழக்கம்தான் அவள் வேலையைப் பறித்துவிட்டது என்று நினைத்து, தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

கோயம்புத்தூர்க்காரர் நடந்து வந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார், டயர் தடத்தைப் பார்த்தார். "ஏனுங்க, அந்த வேகத்துல இழுவை போயும் கார் ஒரு சாண்கூட வெலகலைங்களே" என்றார். அப்புறம் அவளிடம் சொன்னார்: "ரேஸ் ஓட்டற வேலை உங்களுக்கு இல்லீங்க. ஜெயிச்சாத்தான்னு சொன்னேன், ஜெயிக்கலை."

அவள் தலையை ஆட்டினாள்.

"வேற ஒண்ணு இருக்குதுங்க. புதுசாக் கட்டுன கியர்பாக்ஸை முதல் முதலா ஓட்டிப் பாக்கற வேலை. இதுவரைக்கும் வெச்ச பசங்க எல்லாரும் பெட்டி வெடிக்கிற வரைக்கும் மிதிக்கறாங்க. அப்புறம் எதனால வெடிச்சதுன்னு தெரியறதில்லைங்க. ஒரு பையனுக்குக் கால் போச்சு. வாடை வந்ததும் நிறுத்தற ஆள்தாங்க எனக்கு வேணும். இத்தனை நாளாத் தேடறேன். சம்பளம், பி.எஃப்., எல்லாம் சொன்னது சொன்னதுதானுங்க."

செல்வராணி அங்கேயே, தார்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் புகை பட்டதென்று சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்?

முதலாளியின் கோபம் திண்டுக்கல் வரைக்கும் தாங்கியது. ஒரே நாளில் கோப்பையும் போயிற்று, இருந்த நல்ல டிரைவரும் போயிற்று. திண்டுக்கல்லில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்துவிட்டு, "ஏத்தா, ஒங்க அம்மாவையும் கூட்டிட்டுத்தான போற? சாமான் கொண்டுபோக நம்ம லோடு வேனையே எடுத்துக்க. டீசல் நான் போட்டுருதேன்" என்றார். நல்ல மனிதர். அடுத்த வருஷம் குதிரை வாங்கினார், அது வேறு கதை.

ஆகவே, மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்று இனிமேல் டீக்கடையில் தொண்டை கிழியக் கத்தாதீர்கள். காரை ஓட்டப்போகிறவர் முதலில் ஷெட்டுக்கு வரட்டும். அவர் கால் எதைச் செய்து பழகியிருக்கிறது என்று பாருங்கள். திருத்தக்கூடிய பழக்கம் எது, எவ்வளவு அவசரமானாலும் தொடக்கூடாத பழக்கம் எது என்று பிரித்துப் பாருங்கள். பெட்டியை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம். நல்ல மெக்கானிக் வண்டியை ஆளுக்குப் பொருத்துவான். இதை எனக்குக் காட்டியவர்கள் செல்வராணி, கோயம்புத்தூர்க்காரர், முதலாளி என்று மூன்று பேர். மூவரையும் நினைக்காமல் அதற்குப் பிறகு நான் ஒரு கியர்பாக்ஸையும் தொட்டதில்லை.

அவர்கள் கோயம்புத்தூர் போன கொஞ்ச நாளில் ஒரு காலை நேரம், பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது செல்வராணி போன் செய்தாள். குரல் ரகசியம் பேசுவதுபோல இருந்தது.

"என்ன தாயி, ஏன் மெதுவாப் பேசுற? கியர்பாக்ஸ்ல ஏதும் கோளாறா?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. அம்மா தூங்குது. வெயிலு சன்னல் வழியா மூஞ்சில அடிக்குது, அப்பயும் தூங்குது. வெளிச்சத்துல அம்மா தூங்கி நான் பாத்ததே இல்லண்ணே. யாருகிட்டயாச்சும் சொல்லணும்போல இருந்துச்சு."

"எழுப்பாத தாயி" என்று சொல்லிவிட்டு நானும் மெதுவாகவே போனை வைத்தேன்.